அடுப்புக்கு ஓர் இடம்

“அப்படின்னா ஒண்ணு செய்யுங்க சார். இந்த வருசம் நீங்களும் எங்க தெருவுக்கு வந்து, எங்க பந்தியில உக்காந்து, எங்கம்மா சமைச்ச சோத்தைச் சாப்பிடணும்.”

வேறு எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அது வேல்விழிக்கு நினைவு வந்தபோது சொல் வாயைத் தாண்டிப் போய் எதிரே இருந்தவர் மேசையில் விழுந்து கிடந்தது. இனி குனிந்து பொறுக்க முடியாது. பொறுக்கும் எண்ணமும் அவளுக்கு இல்லை.

மேனேஜர் ராஜபாண்டியன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். போர்மேன் பெத்தணன் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். உலகத்தில் அன்றைக்குத்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது போல அத்தனை அக்கறையாகப் பார்த்தார். வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்த கிடா, காய வைத்திருந்த வெடி லேபிள் ஒன்றை மென்றுகொண்டே ஒரு சத்தம் கொடுத்தது. காலையிலிருந்து அந்த அறைக்குள் நடந்த ஆலோசனை முழுவதும் தன்னை எங்கே வைத்துச் சமைப்பது என்பதைப் பற்றித்தான் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

டூர் என்று ஆரம்பித்த பேச்சு சோற்றில் வந்து நின்ற கதையைச் சொல்ல வேண்டும்.

அச்சங்குளத்துக்கு அப்பால், கரிசல் காட்டு நடுவே, ஒன்றையொன்று கண்டு பயந்து விலகி நிற்பதுபோல் எட்ட எட்ட நிற்கும் சின்ன அறைகளாகக் கிடக்கிறது அந்தப் பட்டாசுக் கம்பெனி. லைசென்ஸ்படி அறைக்கு நாலு பேர்தான் இருக்கலாம். இந்தப் பக்கம் ஒரு வாசல், அந்தப் பக்கம் ஒரு வாசல். செல்போன் கூடாது, இரும்பு கூடாது, தீப்பெட்டி கூடவே கூடாது. தீபாவளிச் சீசன் முடிந்து, பொங்கலும் போய், புது ஆர்டர் சூடு பிடிப்பதற்கு முன்னால் ஒரு சோம்பலான இடைவெளி வரும். அப்போது வருசத்துக்கு ஒரு தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில், கம்பெனி டூர். முதலாளி சிவகாசியில் இருந்தபடியே ஒரு பஸ்ஸும் ஒரு கிடாயும் அனுப்பி வைப்பார். பஸ் திரும்பிப் போகும். கிடா போகாது.

போகிற ஊரில் பஸ்ஸை நிறுத்தி, கல் கூட்டி அடுப்பு வைத்து, கிடாயை உரித்து, அங்கேயே ஆக்கித் தின்றால்தான் இவர்கள் கணக்கில் அது டூர். ஹோட்டலில் சாப்பிட்டால் அது வெறும் பிரயாணம். ஆக்குகிற பொறுப்பு முருகம்மாளுக்கும் அவளோடு இன்னும் மூன்று பெண்களுக்கும். அதிலும் நாலு பேர்தான். லைசென்ஸ் எண்ணிக்கை அவர்களை டூரிலும் விடுவதில்லை.

முருகம்மாள் வேல்விழியின் அம்மா. புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறையில் வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாய் மினுங்கிக்கொண்டிருக்கும். “முருகம்மா கைமணம் யாருக்கு வரும்!” என்று மேனேஜர் வருசா வருசம் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் குற்றாலம் போய் நனையாமல் திரும்பியிருக்கிறாள். கொடைக்கானலில் ஒரு மதில் சுவரை நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள். கன்னியாகுமரியில் கடல் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால், “சத்தம் வந்த பக்கம்” என்பாள். இத்தனை ஊர் சுற்றியும் அவள் பார்த்தது ஒரே ஊர்தான். பஸ் நிறுத்துகிற இடம்.

இந்த வருசம் யானைக்கசம் என்று முடிவானது. மேற்கு மலையடிவாரத்தில் ஜமீன் காலத்து வேட்டைக்காடு அது. கசம் என்றால் ஆழமான மடு. யானையே முங்கிக் குளித்த மடுவாம். இப்போது அதற்கு ‘வரலாற்று வனப்பூங்கா’ என்று போர்டு வைத்து, வாசலில் சிமெண்டில் ஒரு யானையும் செய்து வைத்திருக்கிறார்கள். நிஜ யானை வராவிட்டாலும் டிக்கெட் எடுத்தவர்கள் ஏமாறக் கூடாது அல்லவா. உள்ளே ஜமீன்தாரும் வெள்ளைக்காரத் துரைகளும் தங்கிய கல்மாளிகை. புலியைச் சுட்ட பரண். ஆற்றோரத்தில் இருநூறு வருசத்து நீர்மருது ஒன்று.

அந்த மரத்தின் படத்தைத்தான் வேல்விழி ஒரு நாள் வீட்டில் போனில் காட்டினாள். அம்மா சோற்றுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

“எம்புட்டு மொத்தம்டீ அது?”

“அஞ்சு பேரு கைகோத்தாலும் சுத்திப் பிடிக்க முடியாதாம்மா.”

“அஞ்சு பேரா? நமக்கு நாலு பேருக்குத்தானடீ லைசென்ஸ்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் அம்மா போனைக் கொடுக்கவில்லை.

“உள்ள போனா தொட விடுவாங்களா?”

“தொடலாம்மா. மரந்தான, சாமியா?”

“சும்மா ஒருக்கா கட்டிப் பாக்கணும். கட்டுறதுன்னா என்ன, நெஞ்ச வச்சு ஒரு சாய்வு சாயுறது. அம்புட்டுத்தான்.”

கண்ணுக்கெட்டிய தூரம் வேலிக்கருவை முள் தவிர வேறு எதுவும் பிழைக்காத பூமி. வேலிக்கருவையைக் கட்டிப்பிடிக்க ஆசைப்பட்டவர்கள் இந்த ஜில்லாவில் யாரும் இல்லை. அம்மா தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டு வேல்விழி பார்த்தது அன்றைக்குத்தான். இந்த வருசம் அம்மா உள்ளே போகிறாள் என்று அப்போதே அவள் மனசுக்குள் முடித்துவிட்டாள். கூடவே ஒரு சந்தேகமும் வந்தது.

“ஆமா, கைமணம் கைமணம்ங்காரே, இத்தனை வருசத்துல மேனேஜர் ஒரு தடவையாவது நீ சமைச்சதைச் சாப்பிட்டிருக்காராம்மா?”

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். “அத மட்டும் கேட்டுராத.”

“ஏன்?”

“கேட்டா அவரு பொய் சொல்லணும். நம்மகிட்டப் பொய் சொல்லி மாட்டிக்கிட்ட ஆளு, அப்புறம் நம்மள நிம்மதியா இருக்க விட மாட்டாரு. வேல பாக்குற எடம்டீ. சாப்பிட்டா சாப்பிடுறாரு, இல்லாட்டி போறாரு. கெடா என்ன அழவா போகுது?”

இதைத்தான் இன்றைக்குக் காலையில் கம்பெனி வேனை விட்டு இறங்கும்போதும் அம்மா காதோடு சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். வேல்விழி ஆபீசுக்கு வந்தாள்.

அவளுக்கு ஆபீஸ் வேலை. பில் போடுவது, வரி கட்டுவது, கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதுவும் அவள் தலையில். விருதுநகரில் பி.காம். படித்தவள். அவள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் அவள்தான் என்று தாசில்தாரே சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார். மேனேஜர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். “பர்ஸ்ட் கிராஜுவேட்” என்பார். பாராட்டா, இருமலா என்று கண்டுபிடிக்க முடியாத தொனியில் சொல்வார்.

யானைக்கசத்துக்கு ஆன்லைனில்தான் பதிய வேண்டும். எனவே டூர் ஆலோசனைக்கு பர்ஸ்ட் கிராஜுவேட்டும் தேவைப்பட்டாள். மேனேஜர், போர்மேன் பெத்தணன், அவள். பெத்தணன் அவளுக்குத் தூரத்து மாமன் முறை. மருந்தறையில் தொடங்கி போர்மேன் வரை ஏறியவர். ஏறின ஏணி சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்வதிலேயே அவருக்கு ஆயுள் போய்க்கொண்டிருந்தது.

“கல்மாளிகைக்குள்ள போகணும்னா தனியாப் பதியணுமாம் சார்,” என்று வேல்விழி கம்ப்யூட்டரைப் பார்த்து வாசித்தாள்.

“மாளிகைக்கு எத்தன வாசல்?” என்றார் பெத்தணன்.

“ஒண்ணுதான் மாமா.”

“ஒத்த வாசலா! அம்பது பேர உள்ள விட்டுட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எப்படி ஓடுறது?”

“எதுக்கு ஓடணும்? அங்கன என்ன மருந்தா அடைக்கிறாக?”

“இருந்தாலும் நாலு நாலு பேரா விடுவோம்.”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மேற்கே அவருக்கு நஞ்சை புஞ்சை உண்டு. கம்பெனியில் மேனேஜர், ஊரில் பண்ணையார் வீட்டுப் பிள்ளை. “அந்தக் காடு எங்களுக்குப் பழக்கமான காடுய்யா. எங்க பூட்டனார் ஜமீன்தார் கூட வேட்டைக்குப் போன ஆளு. புலி சுட்ட அன்னிக்குப் பரண் மேல இருந்திருக்காரு.”

“எங்க பூட்டனும் வந்திருப்பாரு சார்,” என்றாள் வேல்விழி. “உங்க பூட்டன் மேல பரண்ல. எங்க பூட்டன் கீழ நின்னு தகரத்தத் தட்டிப் புலியைக் கெளப்பி விட்டிருப்பாரு. புலி மொதல்ல பாத்தது எங்காளத்தான்.”

பெத்தணன் சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பைப் பாதியில் இருமலாக மாற்றிக்கொண்டார்.

“சரி, சமையலுக்கு வருவோம்,” என்றார் மேனேஜர். “மாளிகை முன்னால புல்வெளி கெடக்குல்ல, அதுல அடுப்பப் போட்டுருவோம்.”

“உள்ள தீ மூட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு சார்.”

“அது பொதுவாப் போடுறது. போனப் போடு.”

வேல்விழி கம்பெனிப் போனில் பூங்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். வனக்காப்பாளர் ஒருவர் எடுத்தார். காட்டுக்குள் இருந்து பேசுகிற ஆள் போல நிதானமான குரல்.

“அடுப்பா? தீப்பெட்டியே வாசல்ல வாங்கி வச்சிருவோங்க.”

பெத்தணனுக்குச் சுருக்கென்றது. “நாட்டுக்கே தீப்பெட்டி குடுக்குற சீமைக்காரன்கிட்டயே தீப்பெட்டியப் புடுங்குறானா?”

“எங்கிருந்து வர்றீங்க?” என்றது குரல்.

“பட்டாசுக் கம்பெனிங்க. சாத்தூர்ப் பக்கம்,” என்றாள் வேல்விழி.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு குரலில் இருந்த நிதானம் போய்விட்டது. “இங்க பாருங்க, பட்டாசு ஒண்ணுகூடக் கொண்டு வரக் கூடாது. காடு காஞ்சு கெடக்கு. பையெல்லாம் சோதிப்போம்.”

“போய் எறங்குனதும் ஒரே ஒரு சரம்,” என்று பெத்தணன் கையைக் குவித்துக் கெஞ்சினார், போனுக்குக் கண் இருப்பதுபோல. “டூர் போயிட்டு வெடி போடலைன்னா எப்படி? மான் கீன் பயப்படும்னா ரெண்டு புஸ்வாணமாவது...”

போன் வைக்கப்பட்டது.

“சரி, கேட்டுக்கு வெளிய அடுப்ப வைப்போம்,” என்றார் மேனேஜர். “சமையலுக்கு நாலு பொம்பளைக வெளிய இருந்தாப் போதும். மத்தவுக உள்ள போய்ப் பாத்துட்டு வரட்டும்.”

“அந்த நாலு பேரும் எப்பப் பாக்கிறது?”

“நாம பாத்துட்டு வந்து சொல்லுவோம்ல?”

வேல்விழி மறுபடியும் போன் போட்டாள். கேட்டுக்கு வெளியேயும் ரிசர்வ் காடுதான். செக்போஸ்ட்டுக்குக் கீழே வாருங்கள் என்றார் வனக்காப்பாளர். அடுப்பு செக்போஸ்ட்டுக்கு இறங்கியது. செக்போஸ்ட்டுக்குக் கீழே சருகு கிடக்கிறது, மலை மறைந்து சமவெளி வருகிற வரைக்கும் புகை தெரியக் கூடாது என்றார் அடுத்த போனில். அடுப்பு அடிவாரத்துக் கண்மாய்க்கரைக்கு இறங்கியது. ஒவ்வொரு போனுக்கும் அந்த அடுப்பு மலையிலிருந்து கிழக்கே ஒரு எட்டு நகர்ந்தது. அடுப்போடு அம்மாவும் நகர்ந்தாள். கண்மாய்க்கரையில் இறக்கிவிட்டுப் போனால் பஸ் திரும்ப வந்து ஏற்றிக்கொண்டு போவதற்குள் பூங்காவைச் சாத்திவிடுவார்கள். ஆக, இந்தத் தடவை அம்மாவுக்கு பஸ் நிறுத்துகிற இடம்கூட இல்லை.

“கண்மாய்க்கரையில தண்ணி எப்படியோ, விறகு எப்படியோ,” என்று மேனேஜர் யோசித்தார். யோசிக்கும்போது அவர் டீயைச் சுழற்றுவார். “பேசாம இங்கனயே சமைச்சிருவோம். நம்ம கம்பெனி வளாகம் எம்புட்டு எடம் கெடக்கு!”

பெத்தணன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “சார்! கம்பெனிக்குள்ள அடுப்பா? லைசென்ஸ் போயிரும் சார்! நாமளும் போயிருவோம்!”

மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டார். போகிற இடத்திலும் தீ மூட்டக் கூடாது. புறப்படுகிற இடத்திலும் தீ மூட்டக் கூடாது. தீயை வைத்துப் பிழைக்கிற ஆட்கள் ஒரு கிடாயை வேக வைக்க இடமில்லாமல் கையைப் பிசைந்தார்கள். கடைசியில் மேனேஜர் முகம் மலர்ந்தது.

“முருகம்மா வீட்டு வாசல் இருக்கே! அங்கன சமைக்கட்டும். நாம சாவகாசமாக் காட்டப் பாத்துட்டு, சாயங்காலம் வந்து உங்க தெருவுலயே பந்தியப் போட்டுருவோம். சுடச்சுட.”

“எங்கம்மா டூருக்கு எங்க வீட்டு வாசலுக்குப் போகணும்ங்கிறீக,” என்றாள் வேல்விழி.

“அவளுக்கும் அலைச்சல் மிச்சம்ல?”

“மதியத்துக்கு என்ன சாப்பாடு?”

“வழியில புளியோதரைப் பொட்டலம் வாங்கிக்கிட்டாப் போச்சு. எல்லாத்துக்கும்.”

“எல்லாத்துக்கும் பொட்டலம் வாங்க முடியும்னா அந்த நாலு பேருக்கும் சேத்து வாங்கிருங்க சார். கெடாய இங்கனயே விடுங்க. எல்லாரும் போவோம், காட்டப் பாப்போம், பொட்டலத்தப் பிரிச்சுத் தின்போம், வருவோம்.”

“மொதலாளி ஆசையாக் குடுத்த கெடாம்மா. ஆக்காம விட்டா அவரு மனசு என்ன பாடுபடும்? அதுவுமில்லாம உங்கம்மா கைமணம் இருக்கே, அதுக்காகத்தான இம்புட்டுச் சனமும்...”

கைமணம் என்ற சொல் வந்ததும்தான் வேல்விழி அதைக் கேட்டாள். எங்கள் தெருவுக்கு வாருங்கள், எங்கள் பந்தியில் உட்காருங்கள், சாப்பிடுங்கள்.

மின்விசிறி சுற்றியது. பெத்தணன் கழுத்து வலிக்க அதையே பார்த்தார்.

“எனக்கு ஞாயித்துக்கெழம கறி ஆகாதும்மா,” என்றார் மேனேஜர்.

“எப்ப இருந்து சார்?”

“ஒரு வேண்டுதல்.”

“போன வருசம் மாலை போட்டிருந்தீக. அதுக்கு முந்தி கன்னியாகுமரியில பல்லு வலி. குத்தாலத்துல வயிறு சரியில்ல. வயிறு சரியில்லாத மனுசன் பஸ்ஸு முன்சீட்டுல உக்காந்து பார்சல் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டீக. அந்தக் கவரப் பொறுக்குனது எங்கம்மாதான்.”

“ஏ பிள்ள, போதும்,” என்றார் பெத்தணன், மின்விசிறியிடம்.

“இரு மாமா. ஒரு வாய் தின்னு பாக்காமலே வருசா வருசம் கைமணம் எப்படி சார் தெரியுது? பஸ்ஸுல உக்காந்து மோந்து பாத்தீகளா?”

மேனேஜர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் வேல்விழிக்குக் கொஞ்சம் மரியாதையாவது வந்திருக்கும். அவர் சிரித்தார். “நான் யார் வீட்டுலயும் கை நனைக்கிறது இல்லம்மா. சின்னப் பிள்ளையில இருந்தே பழக்கம்.”

“போன மாசம் முதலாளி வீட்டுக் காதுகுத்துல ரெண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்குனீக. நாந்தான் இலைக்குத் தண்ணி வச்சேன். இதுக்குப் பேரு பழக்கம் இல்ல சார். வேற பேரு இருக்கு. அதச் சொன்னா நீங்க கேஸுன்னு பயப்படுவீக. நான் சொல்லல.”

இப்போது மேனேஜர் சிரிப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். “பெத்தணா, முருகம்மாவக் கூட்டிட்டு வா.”

பெத்தணன் ஓடினார். அவர் திரும்பும்வரை மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கிடா அடுத்த லேபிளுக்கு நகர்ந்திருந்தது.

அம்மா வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். மருந்துக் கையோடு ஆபீசுக்குள் வரக் கூடாது. அந்தச் சட்டம் மருந்துக்கு மட்டுமா என்று அவள் கேட்டதில்லை. கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். கேட்டுவிட்டாள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது.

“ஏ முருகம்மா,” என்றார் மேனேஜர். அவரைவிட அவள் வயதில் மூத்தவள். “உன் மக என்னென்னமோ பேசுறா. நீ சமைக்க மாட்டியாம். நெசமா?”

“அய்யோ, அதெல்லாம் இல்லய்யா. சின்னப் பிள்ள, படபடன்னு பேசிருவா. நான் சமைச்சுக்கிடுறேன்.”

“உங்க வீட்டு வாசல்லயே வச்சிரலாம்ங்கேன்.”

“வீட்டு வாசல்னா இன்னும் சௌரியந்தான்யா. கொழாய் பக்கத்துல. சட்டி பானை தூக்கிச் செமக்க வேண்டியதில்ல.”

“அம்மா,” என்றாள் வேல்விழி. “அந்த மரம்?”

“மரம் எங்கடீ ஓடிப்போகப் போகுது? இருநூறு வருசமா அங்கனயேதான நிக்கி.” அம்மா சிரித்தாள். “நானும் அதுவும் ஒண்ணு. ரெண்டு பேருக்கும் வேற போக்கிடம் கெடையாது.”

பெத்தணன் சிரித்தார். மேனேஜர் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அவர்கள் இரண்டு பேரும் உறுதியாக நம்பினார்கள். “கேட்டியா பர்ஸ்ட் கிராஜுவேட்? பெத்தவளுக்கு இருக்கிற பக்குவம் படிச்சவளுக்கு இல்ல.”

அம்மா போகும்போது மகள் பக்கம் திரும்பவில்லை. மேனேஜருக்கு மட்டும், “பிள்ளைய ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீகய்யா,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் நின்ற இடத்தில், பச்சைப் பெயின்ட் அடித்த கதவு நிலையில், பத்து விரலும் வெள்ளியாக ஒட்டியிருந்தன. சாதாரணமாகப் பிடித்தால் அவ்வளவு அழுத்தமாக ஒட்டாது.

வேல்விழி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, முடிஞ்சது,” என்றார் மேனேஜர். “உள்ள போற ஆளுகள்ல இருந்து அந்த நாலு பேரையும் எடுத்துட்டுப் பதிஞ்சிரு. பெத்தணன் வீட்டுக்காரி, அவ மச்சினன், இன்னும் யாராச்சும் ரெண்டு பேர அந்த எடத்துல போட்டுக்க. எடம் வீணாப் போகக் கூடாது பாரு.”

“எங்க வீட்டுக்காரிக்குக் காடுன்னா உசுரு சார்,” என்றார் பெத்தணன் நன்றியோடு.

வேல்விழி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பேர் எடுப்பதற்கு அல்ல. உட்கார்ந்து யோசித்தால் மனசு மாறுமா என்று தன்னையே ஒரு தடவை சோதித்துப் பார்த்தாள். மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியுமுன் சாத்தூரிலிருந்து மேற்கே, யானைக்கசம் பக்கம் போகிற கவர்மெண்ட் பஸ்ஸில் அம்மாவை ஏற்ற வேண்டும். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸாகப் பார்த்து மாறி மாறிப் போகலாம், நேரமானால் ஆகட்டும். உள்ளே போகத் தன் சொந்தப் போனில் தனியாகப் பதிந்துகொள்ளலாம். அம்மா வர மாட்டேன் என்பாள். கையைப் பிடித்து இழுக்க வேண்டும். வழியெல்லாம் ஏசுவாள். நல்லா இருந்த பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடீ என்று பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள். சொல்லட்டும். திங்கட்கிழமை அம்மாவுக்கு அறை இருக்காது. இவளுக்கு நாற்காலி இருக்காது. அம்மாவுக்கு வேறு ஒரு கம்பெனியில் வேறு ஒரு அறை கிடைக்கும். மருந்து அடைக்கிற கைக்கு இந்தப் பக்கம் எப்போதும் ஆள் தேடுகிறார்கள். கிடைக்கும்வரை வீட்டில் உலை கொதிப்பது கஷ்டந்தான். அந்தக் கஷ்டத்தை யோசிக்காமல் இல்லை. யோசித்தாள். யோசித்த பிறகும் அந்தப் பஸ்ஸில்தான் அம்மா உட்கார்ந்திருந்தாள், ஏசிக்கொண்டு, ஜன்னலோரமாக.

மற்ற மூன்று பேரிடமும் இன்றைக்கே கேட்டுவிட வேண்டும். வந்தால் வரட்டும். வராவிட்டால், இருக்கிற மூன்று பேர் அந்தக் கிடாயை என்ன செய்வார்கள் என்பது முதலாளியின் ஆசை சம்பந்தப்பட்ட விஷயம்.

“என்னம்மா, எடுத்துட்டியா?” என்றார் மேனேஜர்.

அவள் எழுந்தாள். கம்பெனிப் போனை எடுத்து அவருடைய டீக் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேசை டிராயர் சாவியை அதன் மேல் வைத்தாள்.

“நீங்களே எடுத்துக்கோங்க சார். ஆன்லைன்ல ரொம்பச் சுளுவு. பக்குவம் இருந்தாப் போதும்.”

“ஏ பிள்ள, எங்க போற? கோவிச்சுக்கிட்டுப் போறியா?” பெத்தணன் பாதி எழுந்தார், பாதி உட்கார்ந்தார். “சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.”

“சொல்லிட்டேன் மாமா. அவருதான் சாப்பிட மாட்டேன்னுட்டாரு.”

மேசை மேல் போன் அடித்தது. யானைக்கசத்து நம்பர். மேனேஜர் அதைப் பார்த்தார், பெத்தணனைப் பார்த்தார். பெத்தணன் உடனே மின்விசிறியைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஸ்பீக்கர் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. கடைசியில் மேனேஜர் எங்கேயோ ஒரு இடத்தில் அழுத்திவிட்டார்.

“பட்டாசுக் கம்பெனிங்களா?” என்றது காட்டுக் குரல். “அந்த அடுப்பு விசயம் என்ன முடிவு பண்ணீங்க?”

பதிலுக்கு யார் என்ன சொன்னார்கள் என்று வேல்விழி நின்று கேட்கவில்லை. அவள் படியிறங்கி, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, புஸ்வாண அறைகள் இருந்த பக்கமாக வெயிலில் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள்.